கெட்ட மரபணு என்று ஒன்று உண்டா?

(திகனயில் நிகழ்த்தப்பட்ட பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

கண்டியிலிருந்து மகியங்கனைக்குப் போகும் ஏ-26 வீதி குண்டசாலையைத் தாண்டித் திகன நகருக்குள் நுழைகிறது. பிறகு தெல்தெனிய, ஹுன்னஸ்கிரிய, பதினெட்டு வளைவு என்று இறங்கி, மகியங்கனைக்கு அப்பால் வேடர்கள் வாழும் தம்பானைப் பக்கம் போய்ச் சேர்கிறது. மறுதிசையில் கண்டியைக் கடந்தால் பேராதனை. மகாவலியின் எதிர்க்கரையில் கன்னொறுவை. மரபியலைப் பற்றிப் பேச வருகிறவர்கள் வழக்கமாக மெண்டல் என்ற துறவி மடாலயத் தோட்டத்தில் வளர்த்த பட்டாணிச் செடியில் தொடங்குவார்கள். திகனயில் பேசும்போது அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அந்தத் துறையின் பெரிய கேள்விகளில் முக்கால்வாசி இந்த வீதியின் இரு முனைகளுக்குள்ளேயே கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். கெட்ட மரபணு என்று ஒன்று உண்டா?

முதற் சாட்சி பேராதனையில் இருக்கிறது. 1869இல் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் தூள் படிந்திருப்பதைத் தோட்டத் துரைமார் கண்டார்கள். மாதிரி பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்கு வந்தது. அங்கே பணிப்பாளராக இருந்த த்வெய்ட்ஸ் அதை இங்கிலாந்திலிருந்த பங்கசு அறிஞர் பேர்க்லிக்கு அனுப்பினார். அறிவியலுக்கு அதுவரை அறிமுகமாகாத பங்கசு அது. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் சூட்டினார்கள். துரைமார் அதை ‘நாசகார எமிலி’ ஆக்கிக் கேலி பேசினார்கள். கேலி நெடுநாள் நீடிக்கவில்லை. 1870களின் கடைசியில் இரண்டரை லட்சம் ஏக்கருக்கும் மேலாக விரிந்து கிடந்த கோப்பி, 1890களில் பெயருக்குத்தான் மிஞ்சியது. இடையில் 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் வந்து, நோய் எப்படிப் பரவுகிறது என்பதைத் துல்லியமாகக் கண்டுபிடித்தார். பரவுவதை நிறுத்த அவரால் முடியவில்லை.

பங்கசின்மேல் பழிபோடுவது எளிது. கோப்பியின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். அராபிக்கா கோப்பி தன் பூவின் மகரந்தத்தாலேயே காய்க்கும் செடி. ஏறத்தாழ 6 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இரண்டு காட்டுக் கோப்பி இனங்கள் கலந்து பிறந்தது. பிறக்கும்போதே அதன் மரபணுக்களில் வேறுபாடு குறைவு. யெமன் வழியாக உலகத் தோட்டங்களுக்குப் போனவை அதிலும் மிகச் சில செடிகளின் வாரிசுகள். ஆக, மலைநாட்டுச் சரிவுகளில் நின்ற அத்தனை மரங்களும் மரபுரீதியில் ஏறக்குறைய ஒரே மரம். ஒன்றைத் தாக்கத் தெரிந்துகொண்ட பங்கசு எல்லாவற்றையும் தாக்கியது. அந்த மரங்களின் மரபணுக்களில் ‘இது கெட்டது’ என்று சுட்டிக்காட்ட எதுவும் இல்லை. எமிலி வரும்வரை அவை நல்ல கோப்பிதான் தந்தன. பங்கசைத் தாங்கும் மரபணு 1920களில் திமோர் தீவில் கிடைத்தது, அராபிக்காவும் ரொபஸ்டாவும் தாமாகவே கலந்து முளைத்த மரமொன்றில். இன்று இந்தப் பங்கசின் துரு நோயைத் தாங்கும் கோப்பி ரகங்கள் பலவற்றுக்கும் மூலம் அதுதான். இலங்கைத் துரைமாருக்கு அது ஐம்பது ஆண்டு தாமதம்.

அவர்களுக்குத் தாமதம், வேறு சிலருக்கு வாழ்க்கையே மாறியது. கோப்பி பருவப் பயிர். அதற்காகத் தமிழகத்திலிருந்து நடந்து வந்தவர்களில் பலர் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் நட்டுப் பார்த்த செடி, கோப்பி விழுந்த மலைகளையெல்லாம் பிடித்துக்கொண்டது. ஆட்கள் குடும்பத்தோடு லயங்களில் தங்க நேர்ந்தது. ஒரு பங்கசும் ஒரு செடியின் மரபணு வறுமையும் சேர்ந்துதான் மலையகத் தமிழரை இந்த மலைகளில் நிலைநிறுத்தின என்றால் வரலாற்றாசிரியர்கள் முகம் சுளிப்பார்கள். கூலி, கடன், கங்காணி, சட்டம் என்று அவர்கள் சேர்க்கும் காரணங்களும் உண்மையே. ஆனாலும் அந்தப் பட்டியலில் எமிலிக்கு ஓரிடம் கொடுக்காமல் இருக்க முடியாது.

தேயிலை கோப்பிக்கு நேர்மாறு. தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை. ஒவ்வொரு விதையும் புதுக் கலப்பு. பழைய சீட்லிங் மலையில் நிற்கும் கொழுந்து பறிப்பவருக்கு இது தெரியும். பக்கத்துப் பக்கத்துச் செடிகளில் இலையின் அளவு வேறு, நிறம் வேறு, துளிர்க்கும் வேகம் வேறு. 1925இல் தொடங்கப்பட்டுத் தலவாக்கலையில் நிலைகொண்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் அவற்றில் நல்ல விளைச்சல் தருகிற செடிகளைப் பொறுக்கி, தண்டு வெட்டி நட்டுப் பெருக்கியது. அதுதான் வி.பி. தேயிலை. ரி.ஆர்.ஐ 2025 என்ற ரகம் ஒரு காலத்தில் மலை மலையாக நடப்பட்டது. விளைச்சல் கூடியது உண்மை. மறுபடியும் ஒரே செடியைப் பல்லாயிரம் தடவை நட்டு வைத்திருக்கிறோம் என்பதும் உண்மை. 1946இல் கொப்புள நோய் இலங்கைக்குள் வந்தபோது செம்பு மருந்து கைகொடுத்தது. எப்போதும் மருந்து காத்திருக்கும் என்பதற்கு உத்தரவாதம் எதுவுமில்லை.

கன்னொறுவையில் இருக்கும் தாவரப் பிறப்புரிமை வளங்கள் நிலையம் இந்த அச்சத்தின் குழந்தை. 1980களின் இறுதியில் ஜப்பானிய உதவியுடன் கட்டப்பட்டது. பத்தாயிரத்துக்கும் அதிகமான விதை மாதிரிகள் அங்கே குளிரில் கிடக்கின்றன. நெல் மட்டுமே ஆயிரக்கணக்கில். ‘விளைச்சல் இல்லை’ என்று விவசாயி கைவிட்ட பழைய நெல்லை அரசாங்கம் ஏன் மின்சாரம் செலவழித்துக் காப்பாற்ற வேண்டும்? ரத்து ஹீனட்டி என்ற நெல்லின் கதை அதற்குப் பதில்.

1970களில் ஆசியாவின் வயல்களைக் கபில நிறத் தத்தி தின்றது. தமிழகத்தில் அதற்குப் பெயர் புகையான். பி.பி.எச்-1 என்ற எதிர்ப்பு மரபணுவைச் சுமந்த ஐ.ஆர்-26 நெல்லைச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1973இல் வெளியிட்டது. சில ஆண்டுகளுக்குள்ளேயே தத்தி அதைக் கடந்து வந்துவிட்டது. அடுத்த எதிர்ப்பு மரபணுக்களைத் தேடியவர்கள் கண்டெடுத்தவற்றில் ஒன்று தமிழ்நாட்டின் அம்பாசமுத்திரத்து ஏ.எஸ்.டி-7 நெல்லில் இருந்தது. வேறு இரண்டு இலங்கையின் ரத்து ஹீனட்டியிலும் பாபவீயிலும். ரத்து ஹீனட்டியின் பி.பி.எச்-3 பல வகைத் தத்திகளை ஒருசேரத் தாங்கியது. 2015இல் அதைப் பிரித்துப் பார்த்தபோது அது ஒற்றை மரபணு அல்ல, அடுத்தடுத்து நிற்கும் மூன்று மரபணுக்களின் கூட்டு என்று தெரிந்தது. தத்தி வராத வயலில் ரத்து ஹீனட்டி வெறும் பழைய சிவப்பு நெல். தத்தி வந்த வயலில் அதற்கு ஈடில்லை. இரண்டு வயலிலும் மரபணு ஒன்றுதான்.

(இடைச்செருகலாக ஒன்று. இலங்கையின் நவீன நெல் இனங்களுக்குப் பாதை போட்ட எச்-4, 1958இல் பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வெளிவந்தது. அதன் பெற்றோரில் ஒன்று இந்தோனேசியாவின் மாஸ். மற்றது உள்நாட்டு முருங்கைக்காயன்-302. பசுமைப் புரட்சியைப் பற்றிய பேச்சில் மணிலாவும் மெக்சிக்கோவும் வருகின்றன, முருங்கைக்காயன் வருவதில்லை.)

பயிரை விட்டு மனிதருக்கு வருவோம். இங்கேதான் ‘கெட்ட மரபணு’ என்ற சொல் காயப்படுத்தத் தொடங்குகிறது.

இலங்கையில் அதிகமானோரைப் பாதிக்கும் பரம்பரை நோய் தலசீமியா. குருதிக்குச் சிவப்பு நிறம் தரும் ஈமோகுளோபினில் அல்பா, பீற்றா என இருவகைச் சங்கிலிகள் உண்டு. அல்பாவுக்கான மரபணுக்கள் 16ஆம் நிறமூர்த்தத்திலும் பீற்றாவுக்கானது 11ஆம் நிறமூர்த்தத்திலும் இருக்கின்றன. பீற்றா மரபணு தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளாக வரும். ஒரு பிரதி பழுதானால் மற்றது சமாளித்துக்கொள்ளும். அப்படிப்பட்டவர்தான் காவி. அவர் நோயாளி அல்ல; மலை ஏறுவார், கொழுந்து எடுப்பார், பிள்ளை பெறுவார். செங்குழியங்கள் கொஞ்சம் சிறியவை, அவ்வளவுதான். அதைக் குருதிச்சோகை என்று எண்ணி வருடக்கணக்கில் இரும்பு மாத்திரை விழுங்கும் காவிகளும் இருக்கிறார்கள். காவிகள் இருவர் மணந்தால் ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு: இரண்டு பழுதான பிரதிகளும் சேர்ந்து வந்துவிடலாம். ‘மூத்த பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்குப் பயமில்லை’ என்று கணக்குப் போடும் பெற்றோரை எல்லாச் சிகிச்சை நிலையங்களும் அறியும். முந்திய கரு அடுத்த கருவுக்கு எதையும் சொல்லி அனுப்புவதில்லை. ஒவ்வொரு தடவையும் நான்கில் ஒன்றுதான்.

கடுமையான தலசீமியா உள்ள பிள்ளைக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை குருதி ஏற்ற வேண்டும். ஏற்றிய குருதியின் இரும்பு இதயத்திலும் ஈரலிலும் சுரப்பிகளிலும் படியும். அதை வெளியேற்ற, வாரத்தில் ஐந்தாறு இரவுகள் தோலின் கீழ் ஊசி குத்தி, எட்டு மணி நேரத்துக்கு மேல் மெல்ல மருந்து செலுத்துவது நெடுங்காலம் ஒரே வழியாக இருந்தது. இப்போது மாத்திரையும் உண்டு. அரசாங்க வைத்தியசாலைகளில் இவை இலவசம். செலவை நாடு தாங்குகிறது. எவ்வளவு செலவு? 2000ஆம் ஆண்டு லான்செட் ஆய்விதழில் சாந்திமாலா டி சில்வாவும், ஒக்ஸ்போர்டின் டேவிட் வெதரோலும், மற்றவர்களும் எழுதிய கட்டுரை ஒரு கணக்கைச் சொன்னது. எந்த நேரத்திலும் 2000க்கு மேற்பட்டவர்களுக்குச் சிகிச்சை தேவைப்படும். சுகாதார வரவுசெலவில் அது ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கை எடுத்துக்கொள்ளும். பீற்றா தலசீமியாக் காவிகள் மக்கள்தொகையில் நூற்றுக்கு இருவர் அளவில். நாட்டின் மிகப் பெரிய சிகிச்சை நிலையம் குருநாகலில் இருக்கிறது.

குருநாகல் என்ற பெயரை வயதானவர்கள் வேறொரு நோயோடு சேர்த்து நினைவில் வைத்திருப்பார்கள். 1934இல் மழை பொய்த்தது. மகா ஓயாவும் தெதுறு ஓயாவும் குட்டை குட்டையாகத் தேங்கின. தேங்கிய நீரில் அனோபிலிஸ் நுளம்பு பெருகியது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் வந்த மலேரியாக் கொள்ளைநோயில் ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள். கேகாலையும் குருநாகலும் மோசமாக அடிபட்டன. கண்டி மாவட்டத்தின் தாழ்ந்த பகுதிகளும் தப்பவில்லை. சூரியமல் என்ற அரசியல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தும் பருப்பும் சுமந்து கிராமம் கிராமமாக நடந்தது அரசியல் வரலாற்றில் இருக்கிறது. மரபியல் வரலாற்றில் அந்தக் காய்ச்சலுக்கு வேறோர் இடம்.

1948இல் ஸ்டொக்ஹோமில் கூடிய மரபியல் மாநாட்டில் ஜே.பி.எஸ். ஹால்டேன் ஒரு கருத்தை முன்வைத்தார். இவரே பின்னாளில் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து, 1964இல் புவனேஸ்வரத்தில் மறைந்தவர். தலசீமியா இவ்வளவு பிள்ளைகளைக் கொல்லுமானால், அந்த மரபணு எப்போதோ அழிந்திருக்க வேண்டுமே? அழியாமல், மத்தியதரைக் கடற்கரைகளில் ஏன் செழிக்கிறது? காவிகளின் சிறிய செங்குழியங்களில் மலேரியா ஒட்டுண்ணி எளிதில் வளர முடியாமல் இருக்கலாம் என்றார். பிறகு வந்த ஆய்வுகள் அவர் பக்கம் சாய்ந்தன. ஆக, பல தலைமுறைகளாக நுளம்புக் கிராமங்களில் பிள்ளைகளைக் காய்ச்சலிலிருந்து காப்பாற்றியது ஒரு பிரதி. இரண்டு பிரதிகள் சேர்ந்த பிள்ளை மட்டும் அதற்கு விலை கொடுத்தது. இது நல்ல மரபணுவா, கெட்ட மரபணுவா?

கதை இன்னும் முறுக்கானது. 2009இல் வெளியான இலங்கை ஆய்வொன்றில், ஈமோகுளோபின்-ஈ என்ற வேறொரு பீற்றா மாற்றம் கலந்த தலசீமியா நோயாளிகளின் குருதியில் மலேரியா வந்துபோன தடயங்கள் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தன. ஒரு பிரதி காக்கிறது. இரண்டு சேர்ந்தால் அதே காய்ச்சலுக்கு வாசலைத் திறந்துவிடுகிறது.

2012 ஒக்டோபருக்குப் பின் இலங்கைக்குள் மலேரியா நிலைகொண்டு பரவவில்லை. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. நுளம்புக்கு எதிரான அந்த வெற்றியோடு தலசீமியா மரபணுவின் பயனும் முடிந்தது. மரபணு முடியவில்லை. ‘கெட்டதை ஒழிக்க வேண்டும்’ என்று பேசுகிறவர்கள் இங்கே ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். காவிகள் நூற்றுக்கு இருவர் என்றால், நோயுள்ள எவருமே பிள்ளை பெறாமல் போனாலும், அந்த விகிதம் நூற்றுக்கு ஒருவராகக் குறைய ஏறத்தாழ நூறு தலைமுறை வேண்டும், இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகள். மரபணுவின் பெரும்பகுதி நோயாளிகளிடம் இல்லை, நலமாக நடமாடும் காவிகளிடம்தான் இருக்கிறது. 1907இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலமும் 1933இல் நாஜி ஜேர்மனியும் ‘தகுதியற்றவர்களுக்கு’ கட்டாய மலட்டுச் சத்திரசிகிச்சை செய்யச் சட்டம் கொண்டுவந்தன. கொடுமை என்பதால் மட்டுமல்ல, கணக்குத் தப்பு என்பதாலும் அவை தோற்க வேண்டியவையே. சட்டம் எழுதியவர்கள் கணக்கைக் கேட்டிருந்தாலும் நிறுத்தியிருப்பார்களா என்பது சந்தேகம்.

ஈமோகுளோபின்-ஈ பற்றி மேலே வந்தது. பீற்றா மரபணுவின் 26ஆம் மூன்றெழுத்துக் குறியில் ஓர் எழுத்து மாறியிருக்கும்: குவனின் இருக்க வேண்டிய இடத்தில் அடினின். அந்த ஓர் எழுத்தால் குளுட்டமிக் அமிலத்துக்குப் பதில் லைசின் வந்து உட்காருகிறது. தாய்லாந்து, கம்போடியா, வங்காளம் ஆகிய இடங்களில் மிகப் பரவலாகவும் இலங்கையில் ஓரளவும் காணப்படும் மாற்றம் இது. அடினின் என்ற சொல்லைக் கேட்டதும் கண்டிக்காரருக்கு ஹந்தானை நினைவுக்கு வரவேண்டும். அங்குள்ள அடிப்படை ஆய்வு நிறுவகத்தின் பணிப்பாளராக 1980களில் இருந்தவர் சிறில் பொன்னம்பெரும. காலியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் பட்டம் பெற்று, பிறகு வேதியியலுக்கு மாறியவர். 1963இல் அவரும் மெல்வின் கல்வினும் மற்றவர்களும், ஆதிப் பூமியின் வளிமண்டலத்தைப் போன்றதொரு வாயுக் கலவையில் இலத்திரன் கற்றையைச் செலுத்தி, அதே அடினினை ஆய்வுகூடத்தில் உருவாக்கிக் காட்டினார்கள்.

ஈமோகுளோபின்-ஈ ஒருபுறமும் பீற்றா தலசீமியா மறுபுறமுமாக வந்து சேர்ந்த நோயாளிகள்தான் ‘மரபணுவே தலைவிதி’ என்ற எண்ணத்தை உடைத்தவர்கள். வைத்தியர் அனுஜா பிரேமவர்தன தலைமையில் 109 இலங்கை நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2005இல் லான்செட்டில் வந்தது. எல்லோரிடமும் அடிப்படையில் அதே இரண்டு மாற்றங்கள். ஆனால் ஒருவர் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே குருதி ஏற்றாமல் வாழ முடியாதவர். இன்னொருவர் குருதியே ஏற்றாமல் வளர்ந்து ஆளானவர். குருதி ஏற்றப்பட்டு வந்தவர்களில் சிலருக்கு அது உண்மையில் தேவைப்படவில்லை என்பதும் தெரியவந்தது. ஏன் இந்த வித்தியாசம்? சிலருக்கு அல்பா மரபணுவிலும் ஒரு குறை இருந்தது. ஒரு குறை மற்றொரு குறையைச் சமன் செய்துவிட்டது: பீற்றா குறைவாக இருக்கும்போது அல்பாவும் குறைவாக இருந்தால் மிச்சச் சங்கிலி திரண்டு செங்குழியத்தைக் கெடுப்பதில்லை. வேறு சிலருக்கு, குழந்தை பிறந்ததும் நின்றுபோக வேண்டிய கருப்பருவ ஈமோகுளோபின் நிற்காமல் சுரந்துகொண்டே இருந்தது. தனியே பார்த்தால் இவையும் ‘பழுதுகள்’தான். சேர்ந்த இடத்தில் மருந்தாகிவிட்டன.

திகனயில் நின்றுகொண்டு மரபியல் பேசுகிறவர் 2018ஐத் தாண்டிப் போக முடியாது. அந்த ஆண்டு பெப்ரவரியில் அம்பாறையில் முஸ்லிம் உணவகம் ஒன்றின் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்திருப்பதாக வதந்தி கிளம்பியது. அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் சோதித்தபோது அது வெறும் மாவுக்கட்டி. அப்படி உணவில் கலந்து ஆண்களை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை உலகிலேயே இல்லை. மார்ச் மாதத் தொடக்கத்தில் திகனயிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. 6ஆம் திகதி நாடு முழுவதும் அவசரகாலநிலை அறிவிக்கப்பட்டது. அந்த வன்முறையின் காரணங்கள் உயிரியல் பாடப்புத்தகத்தில் இல்லை. ஆனால் ‘நம் இரத்தம் குறைகிறது, அவர்கள் இரத்தம் பெருகுகிறது’ என்ற பேச்சு உயிரியலின் உடையை உடுத்திக்கொண்டுதான் ஊருக்குள் வந்தது. அந்த உடை அதற்குப் பொருந்தவில்லை.

எந்த இரு மனிதரின் டி.என்.ஏயையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டால், ஆயிரத்தில் ஏறத்தாழ ஓர் எழுத்துத்தான் வேறுபடும். அந்தச் சிறிய வேறுபாட்டிலும் பெரும்பங்கு ஒரே சமூகத்துக்குள் இருப்பது என்பதை 1972இல் ரிச்சர்ட் லெவொன்டின் கணக்கிட்டார். நூற்றுக்கு 85 பங்கு. 2023இல் இந்திய, இலங்கை ஆய்வாளர்கள் சிங்களவரின் மரபணு வரலாற்றை ஆராய்ந்து, சிங்களவருக்கும் இலங்கைத் தமிழருக்கும் இடையே நெடுங்காலக் கலப்பு ஆழமாக நடந்திருப்பதைக் காட்டினார்கள். தலசீமியாவும் அதையேதான் வேறு வகையில் சொல்கிறது. ஐ.வி.எஸ். 1-5 என்று வைத்தியர்கள் குறிப்பிடும் விகாரம் இலங்கையில் மிகப் பரவலானவற்றில் ஒன்று. தமிழ்நாட்டிலும் வட இந்தியாவிலும் மாலைதீவிலும் அதுவே இருக்கிறது. மாலைதீவில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர் தலசீமியாக் காவி. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என எல்லாக் குடும்பங்களிலும் இந்த நோய் உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இனி நம் வீட்டு விடயம். மச்சான் மச்சாள் திருமணம் தமிழருக்குப் புதிதல்ல. முஸ்லிம்களுக்கும் கண்டிச் சிங்களவருக்கும் புதிதல்ல. சொத்துப் பிரியாது, பழகிய முகம், சீதனப் பேச்சு மெதுவாக இருக்கும். நியாயங்கள் இருக்கின்றன. ஒன்றுவிட்ட சகோதரர் உறவில் மணப்பவர்களின் பிள்ளைகளுக்குப் பிறவிக் குறைபாட்டின் வாய்ப்பு பொதுவாக நூற்றுக்கு இரண்டு மூன்று என்பதிலிருந்து ஏறத்தாழ இரு மடங்காகும். பெரும்பாலான பிள்ளைகள் நலமாகத்தான் பிறக்கிறார்கள். எனவே ‘சொந்தத்தில் கட்டினால் ஊனம்’ என்று பயமுறுத்துவதும் தவறு. குடும்பத்தில் ஒரு காவி இருப்பது தெரிந்தால் மட்டும் கணக்கு மாறும். காவியான இளைஞர் ஒருவர் ஊரில் யாரையோ மணந்தால், அந்தப் பெண்ணும் காவியாக இருக்கும் வாய்ப்பு ஐம்பதில் ஒன்று. மாமன் மகளை மணந்தால் எட்டில் ஒன்றுக்குக் குறையாது. வேடிக்கை என்னவென்றால், சொந்தத்தில் பெண் எடுக்கும்போதுதான் பலர் ‘சாதகம் எதற்கு’ என்று விட்டுவிடுகிறார்கள். சாதகத்தை விடலாம், குருதிப் பரிசோதனையை அங்கேதான் விடக்கூடாது.

பரிசோதனை கடினமானதல்ல. முழுக் குருதிப் பரிசோதனையில் செங்குழியத்தின் சராசரிக் கனவளவு 80க்குக் கீழே இருந்தாலும் இரும்புக் குறைபாடு இல்லை என்றால் சந்தேகப்பட வேண்டும். அடுத்த கட்டத்தில் ஈமோகுளோபின் ஏ-2 அளவைப் பார்த்துப் பீற்றா காவியா என்று உறுதிப்படுத்துவார்கள். அறிவியல் இவ்வளவுதான். சிக்கல் சமூகத்தில் இருக்கிறது. சைப்பிரஸ் தீவில் 1970களில் தொடங்கிய திட்டத்தில் தேவாலயத் திருமணத்துக்குமுன் பரிசோதனைச் சான்றிதழ் கேட்டார்கள். புதிதாக நோயுடன் பிறக்கும் பிள்ளைகள் அநேகமாக இல்லாமற் போனார்கள். ஆனால் அங்கே காவி இணைகளில் பெரும்பாலோர் திருமணத்தை நிறுத்தவில்லை. மணந்துகொண்டு, கருவிலேயே சோதித்து முடிவெடுத்தார்கள். இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கிறது. ஆக, சைப்பிரஸ் கருவறையில் எடுத்த முடிவை இலங்கை திருமணப் பேச்சில் எடுக்க வேண்டியிருக்கிறது. முழுப் பாரமும் அந்தப் பேச்சின் தலையில், அதிலும் பெண் வீட்டாரின் தலையில் விழுகிறது. காவி என்று அறியப்பட்ட பெண்ணுக்கு வரன் நிற்கும். காவியான பையனுக்கு அநேகமாக நிற்காது. காவியான பெண் காவியல்லாத எவரை மணந்தாலும் தலசீமியா நோயுள்ள பிள்ளை பிறக்காது என்பதை வரன் பார்ப்பவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும். நாட்டில் யாரையும் பார்க்காமல் மணக்கும் இணைகளில் இரண்டாயிரத்தைந்நூறில் ஒன்றில்தான் இருவரும் பீற்றா காவிகளாக இருப்பார்கள். பொருத்தம் பார்க்கும் வயதுக்கு முன், உயர்தரம் முடிக்கும் பருவத்தில், முடிவு அவரவர் கையில் மட்டும் இருக்கும்படி சோதிப்பது வரன் பேச்சின் நடுவே சோதிப்பதைவிடக் கண்ணியமானது.

சிகிச்சையின் புதிய பக்கம் இந்த உரையின் கேள்வியை இன்னொரு தடவை புரட்டிப் போடுகிறது. 2023 நவம்பரில் பிரித்தானியாவும் 2024 ஜனவரியில் அமெரிக்காவும் பீற்றா தலசீமியாவுக்குக் காஸ்ஜெவி என்ற மரபணுச் சிகிச்சையை அனுமதித்தன. நோயாளியின் எலும்பு மச்சைக்குரிய மூலக்கலங்களை வெளியே எடுத்து, கிறிஸ்பர் என்ற மூலக்கூற்றுக் கத்தரியால் ஓரிடத்தில் வெட்டித் திரும்ப ஏற்றுகிறார்கள். வெட்டப்படுவது பழுதான பீற்றா மரபணு அல்ல. அது அப்படியே இருக்கிறது. வெட்டு விழுவது பி.சி.எல்-11ஏ என்ற, பழுதே இல்லாத மரபணுவின் விசை ஒன்றில். அது அணைந்ததும் கருப்பருவ ஈமோகுளோபின் மறுபடி சுரக்கிறது. மேலே சொன்ன 109 நோயாளிகளில் சிலருக்கு இயற்கை தானே செய்து வைத்திருந்தது அதுதான். அமெரிக்காவில் ஒருவருக்கு விலை 22 லட்சம் டொலர். இலங்கைப் பிள்ளைக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை; அதற்கு 6ஆம் நிறமூர்த்தத்திலுள்ள திசுப் பொருத்த மரபணுக்கள் ஒத்துப்போகும் கூடப்பிறந்தவர் வேண்டும். அந்தப் பொருத்தம் அமையும் வாய்ப்பும் நான்கில் ஒன்று.